புளி போடாத புளிக்குழம்பு

கறுப்புத் திராட்சை கொதிக்கையில் ஒரு சத்தம் வரும். தோல் வெடித்து, சாறு கசிந்து, சட்டிக்குள்ளேயே யாரோ முனகுகிற மாதிரி. கூடவே கிராம்பும், காடி என்று நாங்கள் சொல்கிற வினிகரும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் நான் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஆவூரில், அம்மா பிறந்த வீட்டு அடுப்படியில், பாவாடையில் திராட்சைக் கறையோடு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் பாஸ்கா பெருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, மாமா வந்திருந்தார். கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்துரை பங்களாவில் அவர் சமையல்காரர். துரை வீட்டுப் பக்குவத்தில் ஆட்டுக்கறி செய்யப் போவதாக வந்த அன்றே அறிவித்துவிட்டார். அதற்கு ஒயின் வேண்டும். மதுவிலக்குக் காலத்தில் ஒயினுக்கு எங்கே போவது?

"சாமியார் பங்களாவுல பூசை ரசம் இருக்கும்ல, ஒரு ஆழாக்குக் கேட்டுப் பாக்கவா?" என்றார் மாமா.

"கேளுங்கண்ணே. அப்படியே சாமியாரையும் சட்டியில போட்டுருங்க" என்றாள் சித்தி. எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "ஒரு சொட்டு இந்த வாசலத் தாண்டக்கூடாதுண்ணே. ஒங்களுக்கே தெரியும்."

எனக்கும் தெரியும், என் உயரத்துக்கு. சித்தப்பா காரைக்காலுக்கு லாரி ஓட்டினார். பிரெஞ்சுக்காரன் ஊர், அங்கே குடிக்கத் தடையில்லை. போகும்போது மனிதராகப் போய்த் திரும்பும்போது மூட்டையாக வருவார் என்று அம்மா சொல்வாள். பாஸ்காவுக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் முழுக்கத் தொடமாட்டேன் என்று கோயிலில் முழங்காலில் நின்று சத்தியம் செய்து, காப்பாற்றியும் விட்டார். தபசுதான் முடிந்துவிட்டதே, இனி என்ன என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க எல்லோருக்கும் பயம்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒயினே இல்லாம அந்த ருசியக் கொண்டாறேனா இல்லையா, பாரு."

திராட்சையைக் காம்பு ஆய்ந்தது நான். அதை வேகவைத்துப் பழைய வேட்டியில் பிழிந்தார். துவர்ப்புக்கு, கண்டியிலிருந்து கொண்டுவந்த தேயிலையைக் கறுக்கக் காய்ச்சி ஊற்றினார். சுள்ளென்று இருக்கக் காடி. ஒரு துண்டு வெல்லத்தைக் கருகவிட்டு அதிலே போட்டார். ருசி பார்த்துப் பார்த்து நாக்கு மரத்துப்போய், "வந்துருச்சா வரலையான்னே தெரியலையே" என்று புலம்பினார்.

"சித்தப்பாவக் கேளுங்க மாமா, அவருக்குத்தானே தெரியும்?" என்றேன்.

அம்மா கரண்டியைத் தேடினாள். கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

சாப்பாட்டுக்கு முன் சித்தி என்னைத் தனியே இழுத்தாள். "சித்தப்பா பக்கத்துலயே உக்காரு. அவரு எந்திரிச்சு வெளிய போனா நீயும் கூடவே போ." எனக்கு ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

மாமா முதல் கரண்டியைச் சித்தப்பா இலையில்தான் வைத்தார். சித்தப்பா பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். மென்று கொண்டிருந்த தாடை அப்படியே நின்றது. இடது கை, பக்கத்தில் இருந்த என் முழங்காலைத் தேடிவந்து இறுக்கிப் பிடித்தது. வலித்தது. நான் சத்தம் போடவில்லை.

"எப்படி மாப்ளே?" என்றார் மாமா, கரண்டியோடு குனிந்தபடி.

சித்தப்பா விழுங்கினார். "நல்ல புளிக்கொழம்பு மச்சான்."

பந்தியே சிரித்தது. மாமாவின் முகம் கரிந்த சட்டியாகிவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. "புளியே போடல சித்தப்பா! நான் பாத்துக்கிட்டே இருந்தேன்!"

சித்தி பின்னாலிருந்து என் தோளில் கிள்ளினாள். பிறகு சித்தப்பாவின் இலையிலிருந்த கறியை எல்லாம் தன் கையாலேயே வழித்தெடுத்து, அவர் கேட்காமலே ரசம் ஊற்றினாள். அவள் கண்ணில் நீர். கறியில் காரம் கூடிப்போச்சு போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் காரமே தெரியவில்லை. இனிப்பும் துவர்ப்புமாக அவ்வளவு நன்றாயிருந்ததை ஒரு பெரிய மனிதர் ஏன் பொய் சொல்லிக் கெடுத்தார் என்றுதான் ஆறவில்லை. மாமா பாவம் என்று இரவெல்லாம் சித்தப்பாவோடு பேசவில்லை.

மாமா ஊருக்குக் கிளம்பிய அன்று எல்லோரும் பஸ்ஸுக்குப் போனோம். அதுவரை முறுக்கிக்கொண்டிருந்தவர், படியில் காலை வைத்ததும் திரும்பினார்.

"அடுத்த தடவ நெசமான ஒயினே கொண்டாறேன் மாப்ளே. அப்ப சொல்லுங்க பாப்போம், புளிக்கொழம்புன்னு."

சித்தப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். என் முழங்காலைப் பிடித்த அதே பிடி.

"வேணாம் மச்சான். நெசமாவே புளிக்கொழம்பு வைங்க."