இருட்டுத் திரையைப் பார்த்துச் சிரித்தவள்

மலேசியாவின் பத்து பாகாட் நகரில் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடமாக இஸ்திரி போடுகிறாள் சாந்தினி. கேட்டால்தான் பதில் சொல்வாள். பல நேரம் அதுவும் தலையசைப்புதான். சூப்பர்வைசர் லியோங் அவளுக்கு ‘மரக்கட்டை’ என்று பெயர் வைத்திருந்தார். அதைக் காண்டனீஸ் என்னும் சீன மொழியில்தான் சொல்வார், இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில்.

புரியும். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, ஈப்போவிலிருந்து குடிவந்த ஒரு சீனக் குடும்பத்தில் பிள்ளை பார்க்கப் போனவள். அந்த வீட்டில் பகல் முழுக்க ஹாங்காங் படம் ஓடும். பிள்ளை தூங்கும், இவள் பார்ப்பாள். பாஷை மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஒரு வார்த்தை பேசிப் பார்த்ததில்லை. கூச்சம்.

போன வாரம் லியோங் ஆபீஸ் பெண்ணிடம் காண்டனீஸில் சொன்னது காதில் விழுந்தது. “பிரேமலா கை மெதுவாயிடுச்சு. மாசக் கடைசியில அனுப்பிடலாம்.”

பக்கத்து மேசை பிரேமலாவுக்கு மணிக்கட்டில் வீக்கம். வேலை போய்விடுமோ என்று மறைத்து வைத்திருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அன்றிலிருந்து சாந்தினி தான் தேய்த்த சட்டைகளில் சிலவற்றை அவள் கூடையில் போட்டு வந்தாள்.

“என்னக்கா, என் கூடை தானா நெறையுது?”

“பேசாம தேயி லா.”

வெள்ளிக்கிழமை, தொழுகைக்கான நீண்ட இடைவேளை. கேண்டீன் டிவியில் உளவாளிகளைக் கிண்டலடிக்கும் காண்டனீஸ் படம். கீழே மலாய் எழுத்துகூட இல்லை. உளவாளி சுருட்டிய கம்பளத்துக்குள் ஒளிந்து எதிரி வீட்டுக்குள் போகிறான். திரை ஒரே இருட்டு. தொம் தொம்மென்று அடி விழும் சத்தம். பிறகு அவன் குரல்: “தலைமையகமா? எதிரி என்னைக் கண்டுபிடிக்கல. கம்பளத்துல தூசிதான் தட்டுறாங்க. அடுத்த தடவை ஃபிரிட்ஜுல வச்சு அனுப்புங்க!”

சாந்தினி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“அலமாக்! ஒரே இருட்டா இருக்கு, என்னாத்தக் கண்டு சிரிக்கிற?” என்றாள் பிரேமலா.

முன்வரிசையில் இருந்த லியோங் திரும்பினார். எழுந்து வந்து, காண்டனீஸில் தாழ்ந்த குரலில் கேட்டார்: “உனக்குப் புரியுதா?”

சாந்தினி வேகமாக, இல்லையென்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் உறைத்தது, அவர் கேட்டதே காண்டனீஸில் என்று.

லியோங்கின் முகம் சிவந்தது. “எத்தனை வருஷமா கேட்டுட்டு இருக்க?”

“ஒன்பது.” வாழ்க்கையில் அவள் பேசிய முதல் காண்டனீஸ் வார்த்தை. இனி மறைக்க எதுவும் இல்லை. தப்பும் தவறுமாகச் சொன்னாள்: “பிரேமலா சோம்பேறி இல்ல. கை வீங்கியிருக்கு. வைத்தியம் பார்த்தா சரியாயிடும். அனுப்பாதீங்க.”

“அப்புறம் இந்த வாரம் மட்டும் அவ கூடை எப்படி நெறைஞ்சுச்சு?”

சாந்தினி தரையைப் பார்த்தாள். லியோங்குக்கு விடை புரிந்துவிட்டது.

“டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லு. கை ஆறுற வரைக்கும் பட்டன் சரிபார்க்கிற மேசையில உட்காரட்டும்.”

அவர் போனதும் பிரேமலா சாந்தினியின் தோளைப் பிடித்தாள். “அக்கா, நீயா சீனம் பேசுன? என்ன சொல்லுச்சு அந்த ஆளு? திட்டுச்சா?”

“நாளைக்கு காலையில கிளினிக் போறோம். கையைக் காட்டணும்.”

“வேலை போயிடும்க்கா!”

“போகாது. கேட்டுட்டேன்.”