கேத்தியில் ஒயின் உண்டு, கோட்டர் கிடையாது

ஒயின் போடுற தொழில்ல பழத்தைப் புளிக்க வைக்கறது சுலபம்ங்க. அது என்னன்னு சனங்களுக்குப் புரிய வைக்கறதுக்குள்ள நாமதான் புளிச்சுப் போயிடுவோம். புதுசா ஒரு சரக்கை விக்கப் பார்த்தவங்களுக்கு என் பாடு புரியும்.

போர்டு

முறையா லைசென்ஸ் வாங்கி, எங்க நீலகிரி கேத்தியில விளையுற பிளம்ஸ்ல ஒயின் போட்டு, ரோட்டோரம் 'ஒயின்'னு போர்டு மாட்டினேன். நம்ம ஊர்ல ஒயின் ஷாப்னா பிராந்திக்கடைங்கறது எனக்கு உறைக்கவே இல்ல. முதல் நாளே கேரட் மூட்டை ஏத்திவிட்டு வந்த லோடுமேன் ஒருத்தர் கோட்டர் கேட்டார். ஒயின்தாங்க இருக்குன்னேன். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒயின் ஷாப்புல ஒயினை வச்சுக்கிட்டு என்னங்க பண்றீங்க?"

போஜண்ணன் தோட்டம்

எனக்குப் பழம் தர்றது பக்கத்துத் தோட்டத்து போஜண்ணன். பிளம்ஸை யாரும் சீந்தறதில்ல, மரத்தை வெட்டிட்டு கேரட் போடப் போறேன்னார். மரம் போனா என் ஒயினும் போச்சு. ஒரு சீசன் பொறுங்கண்ணா, பழம் பூரா நானே எடுத்துக்கறேன்னு ஒத்தக்கால்ல நின்னேன்.

"சரி அம்மணி, இந்த சீசன் உனக்கு. நீ விக்கலைன்னா அடுத்தது கேரட்டுக்கு."

ருசி

குன்னூர்ல ஒரு பெரிய ஹோட்டலுக்கு பாட்டிலோட விக்கப் போனேன். மேனேஜர் ஒரு வாய் குடிச்சார், கண்ணை மூடினார், எந்த நாட்டுச் சரக்குன்னு கேட்டார். கேத்திங்கன்னேன். கிளாஸ் டக்குனு கீழ இறங்கிருச்சு.

"நல்லாத்தான் இருக்கு மேடம், ஊர்ப் பேரை மட்டும் மாத்திருங்க."

லேபிள்

எனக்கு வந்துச்சே கோபம். நேரா அச்சகத்துக்குப் போய், 'கேத்தி'ங்கற எழுத்தை முன்னைவிட ரெண்டு மடங்கு பெருசாப் போடச் சொன்னேன். கடையில வாங்கிட்டுப் போன டூரிஸ்ட்டுங்களே அந்த ஹோட்டல்ல போய் அதைக் கேட்டிருக்காங்க. சீசன் முடியறதுக்குள்ள மேனேஜர்கிட்டயிருந்து போன்.

"மேடம், அந்த கேத்தி இன்னும் இருக்குங்களா?"

ரம்பம்

குளிர்காலத்துல ஒரு நாள் காலையில பக்கத்துத் தோட்டத்துல ரம்பச் சத்தம். செருப்புகூட போடாம ஓடினேன். போஜண்ணன் மரத்து மேல உக்காந்திருந்தார். வாக்குக் கொடுத்துட்டு இப்படிப் பண்றீங்களேன்னு கத்தினேன், அழுகையே வந்துருச்சு. அவர் நிதானமா ஒரு காஞ்ச கிளையைக் கீழ போட்டார்.

"வெட்டலை, கிளை கழிச்சு கவாத்து பண்றேன் அம்மணி. சோலூர்ல என் மச்சானும் பிளம்ஸ் நட கன்னு கேக்கறான்."

இன்னைக்கும் தினம் ஒருத்தராவது கோட்டர் கேட்டு வராம இருக்கறதில்ல, அவரை ஒரு வாய் கேத்தி ருசி பார்க்க வைக்காம நானும் விடறதில்ல.