ஏரோடிராமுக்கு வைத்த நிலைவாசல்

சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்த அந்தத் தை மாதத்தில், பொங்கல் கழிந்த மறு வாரம், மாயவரத்தில் ரயிலேறினேன். திருவாரூரில் வண்டி மாற வேண்டும். மாறிய வண்டிக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. இரவு முழுவதும் உட்கார்ந்தே தூங்கி, கழுத்துப் பிடித்துக்கொண்டு, காலை ஏழு மணிக்குக் காரைக்குடியில் இறங்கினேன்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த மரகதம் இங்கே பக்கத்தில், பழைய ஏரோடிராமில் இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வந்து பாரேன், எனக்கு வாய்த்த அரண்மனையை" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கானாடுகாத்தான் பஸ்ஸில் ஒன்பது மைல், நாற்பத்தைந்து காசு. ஏரோடிராமுக்கு ஒரு டிக்கெட் என்றதும் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்குட்டு ஆடுதான் மேயுது. யாரைப் பார்க்கப் போறீக?"

நர்ஸைப் பார்க்க என்றேன். ஆஸ்பத்திரியும் இருக்கிறது, நர்ஸம்மாவும் இருக்கிறார்கள், பிள்ளை பெறத்தான் ஒருவரும் போவதில்லை என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

எட்டரை மணிக்கு இறங்கினேன். யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் போட்ட விமான ஓடுதளம், செம்மண் பொட்டலின் நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் நீண்டு கிடந்தது. விமானம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அதில் ஒரு பக்கம் நெல் காய்ந்தது, மறு பக்கம் மிளகாய். நடுவில் மாட்டுவண்டிகள் குலுங்காமல் போயின. எங்கள் ஊர்க் கப்பி ரோட்டை நினைத்துப் பொறாமைப்பட்டேன். பட்டாளத்துக்காரர்கள் தங்கியிருந்த கட்டடங்களில் ஒன்று தொடக்கப் பள்ளிக்கூடம், ஒன்று ரேஷன் கடை. மூன்றாவதுதான் மரகதத்தின் அரண்மனை.

நீளமான கட்டடம், உயரமான கூரை. லாரியே நுழையலாம் போன்ற வாசலுக்கு, தள்ளித் திறக்கிற தகரக் கதவு. உள்ளே ஆறு கட்டில்கள், வெள்ளை விரிப்பு, சுவரில் முருகன் காலண்டர். ஆறு கட்டிலும் காலி.

காபி கொடுத்துக்கொண்டே மரகதம் எல்லாவற்றையும் கொட்டினாள். சுற்றுப்பட்டுப் பெண்கள் மருந்துக்கு வருவார்கள், வாசலுக்கு வெளியே நின்றே வாங்கிப் போவார்கள். வலி எடுத்தால் மட்டும் வீட்டோடு இருந்துவிடுவார்கள். போன ஐப்பசியில் பக்கத்து ஊரில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். ஒரு மைல் தூரம், கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். சிவகங்கையிலிருந்து வந்த அதிகாரி, பங்குனிக்குள் ஒரு பிரசவமாவது நடக்காவிட்டால் கட்டடம் உரக் கிடங்காகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செத்துப்போன சோல்ஜர்களின் ஆவிக்குப் பயப்படுகிறார்கள் என்று இவள் நினைத்திருக்கிறாள். பூசாரியை அழைத்து விபூதி போட்டாள், சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியில், நிறைமாதமாயிருந்த பேச்சி என்ற பெண்ணிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். அவள் சொன்னது இதுதான்:

"கதவு இருக்குக்கா, நெலை இல்லையே. நெலை இல்லாத எடம் வெட்டவெளிதானே. வெட்டவெளியில யாராவது புள்ளை பெறுவாகளா?"

இந்தச் சீமையில் மண் வீடானாலும் மரத்தில் நிலை வைத்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்த பிறகுதான் அது வீடு. பெற்றவளும் பிள்ளையும் அந்த நிலையைத் தாண்டித்தான் முதன்முதலில் வெளிக்காற்றுக்கு வர வேண்டும். பட்டாளத்துக்கு எதற்கு நிலை? ஆஸ்பத்திரியாக மாற்றியவர்களும் கட்டிலை எண்ணினார்களே தவிர வாசலைப் பார்க்கவில்லை.

காலை பத்தரை மணிக்கு நல்ல நேரம். நான் வந்து சேர்ந்ததே நிலை வைக்கிற நாளில்தான். காரைக்குடியில் மரக்கடை வைத்திருக்கும் காதர் ராவுத்தர் வண்டியில் தேக்கு நிலையைக் கொண்டுவந்தார். தான் கட்டும் புது வீட்டுக்காகச் செய்து வைத்திருந்ததை, மரகதம் போய்க் கேட்டதும் தந்துவிட்டாராம். இதைக் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"என் வீடு ரெண்டு மாசம் பொறுக்கும். பிள்ளைத்தாச்சிக பொறுப்பாகளா?" என்றார்.

அகன்ற வாசலின் இரு பக்கமும் செங்கல் வைத்து அடைத்து, நடுவில் நிலையை நிறுத்தினார்கள். பெண்கள் நவதானிய முடிச்சுக் கட்டி மஞ்சள் பூசினார்கள். ராவுத்தர் ஓரமாக நின்று கையேந்தி துஆ கேட்டார். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அந்த நிலை, யானைக்குப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. வீட்டு அளவு என்பதால் உயரமும் குறைவு. நான் கொஞ்சம் வளர்த்தி. முதல் தடவை நுழையும்போதே நெற்றியில் நன்றாக வாங்கிக்கொண்டேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. மரகதம் காலிக் கட்டில்களின் விரிப்பைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மூன்று மணிக்கு ஓடுதளத்தில் ஒரு மாட்டுவண்டி விரட்டிக்கொண்டு வந்தது. காய்ந்த நெல்லை ஆட்கள் அவசரமாக ஒதுக்கி வழிவிட்டார்கள். வண்டியில் பேச்சி. கூட வந்த மாமியாருக்கு முகமே சரியில்லை. பேச்சி புருஷன் தோளைப் பிடித்து இறங்கி, வாசல் வரை வந்து நின்றாள். வலியில் உதட்டைக் கடித்தபடி நிலையை மேலும் கீழும் பார்த்தாள். மரகதம் கையை நீட்டினாள். மாமியார் குனிந்து நிலைப்படியைத் தொட்டுப் பார்த்தார். மஞ்சள் இன்னும் ஈரமாயிருந்தது, விரலில் ஒட்டியது.

"சரி, வலது காலை வச்சுப் போ தாயி," என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குரல், அந்த உயரக் கூரைக்கு ஏற்ற குரல். கைகழுவிவிட்டு வந்த மரகதம் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். மறைப்பானேன்?

மறுநாள் எட்டு மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். எங்கள் மாயவரத்தில் ஆஸ்பத்திரிக்கு வாசல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கவனித்ததே இல்லை. விடைபெற உள்ளே போனால் நுழைய இடமில்லை. மூன்று ஊர்ப் பெண்கள், நெல் காயப்போட்டவர்கள், கண்டக்டரின் சம்சாரம் என்று ஆறு கட்டிலிலும் ஆட்கள் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக "உள்ளே வாங்க, உள்ளே வாங்க" என்று கெஞ்சிய மரகதம், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டாள்.

"இது என்ன சந்தைக்கடையா? எல்லாரும் வெளியே போங்க. பெத்தவள் தூங்கணும்."

நான் மெல்ல ஓரம் ஒதுங்கினேன். என்னையும் விடவில்லை.

"நீயுந்தான்டி. போ வெளியே."

இத்தனை சந்தோஷமாக யாரும் என்னை விரட்டியதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை ஞாபகமாகத் தலையைக் குனிந்து, வெளியே வந்தேன்.