பிள்ளைக்கென்று ஒரு பாத்தி

கூடையின் மேலே கருகருவென்று பச்சை மின்னும் அரைக்கீரைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு, அடியில் ஈரத்துணியில் சுற்றி வைத்த வெளிர்பச்சைக் கட்டு ஒன்றைக் கீரைக்கார அக்கா எனக்கென்று எடுப்பார். "பாப்பாவுக்கு இத்த எட்த்துக்கோ தங்கச்சி. மேல கீறதெல்லாம் ஊருக்கு" என்பார். செங்கல்பட்டு ரயில் நிலைய வாசலில், பக்கத்தில் நிற்பவர்களின் காதில் விழும்படியே சொல்வார். அவர்கள் முறைப்பார்கள். எனக்கோ உள்ளூரப் பெருமை தாங்காது.

அக்கா படாளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அக்காதான் முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்துத் தன் பெயருக்கு விவசாயம் செய்தார். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லை. வேண்டாத சாமி இல்லை, ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. நாற்பதை நெருங்கும்போது ஒரு பையன் பிறந்தான். என் மகளும் அதே மாதத்தில் பிறந்தவள் என்று தெரிந்ததும் என்னைச் சொந்தக்காரி ஆக்கிக்கொண்டார். இரண்டு குழந்தைகளும் பருப்புச்சோற்றோடு கீரை மசியல் தின்னத் தொடங்கிய நாட்கள் அவை.

விற்கிற கீரைக்கு, அறுப்பதற்குச் சில நாள் முன்பு யூரியா தூவுவார். அதை அவர் மறைத்ததே இல்லை. "போடலன்னா வெளுத்துக் கீதுன்னு மூஞ்சத் திருப்பிக்கினு போறாங்க. நான் இன்னா பண்றது?" என்பார். மகனுக்கு மட்டும் வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு பாத்தி. அதில் யூரியா ஒரு குருணைகூட விழாது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பது ஊர் நியாயம். அந்த நியாயத்தில் என் மகளுக்கும் பங்கு கிடைத்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது நான் குடிநீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். வயலில் போடும் உரத்திலிருந்து கிணற்று நீரில் இறங்கும் நைட்ரேட் எவ்வளவு என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. அக்காவின் வீட்டுப் பாத்தியைப் பற்றி நான் அளந்த பெருமையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சக ஊழியர் ஒருவர், "இரண்டையும் பிழிந்து பார்த்துவிடுவோமே" என்றார். பார்த்தோம். ஊருக்கு விற்கிற கீரையிலும் நைட்ரேட் கூடுதல்தான். ஆனால் வீட்டுப் பாத்திக் கீரையில் அதைவிடக் கூடுதல். கட்டு மாறியிருக்கும் என்று சாதித்தேன். மறுவாரமும் அதே கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை படாளத்துக்குப் போனேன். பின்கட்டில் மாமரம் குடை பிடித்த மாதிரி நின்றது. அதன் அடியில்தான் பாத்தி. "வெயில் பட்டா தழ முத்திப்புடும். புள்ளைக்கு எளசா வேணும்ல?" என்றார் அக்கா. மண்ணே தெரியாத அளவுக்குக் கோழி எரு கொட்டியிருந்தது, மக்காத எரு. பண்ணையிலிருந்து தானே தலையில் சுமந்து வந்ததாம். வாரம் தவறாமல் போடுவாராம். இலை வாடக்கூடாதென்று இருட்டு விலகும் முன்பே அறுத்துவிடுவாராம். அத்தனையும் ஆசை. அத்தனை ஆசையும் சேர்ந்துதான் அந்த இலையில் நைட்ரேட்டை ஏற்றியிருந்தது.

ஆய்வில் கண்டதைச் சொல்லாமல் திரும்ப முடியவில்லை. யூரியாவோ கோழி எருவோ, எதை அதிகமாகப் போட்டாலும் செடி உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும், அதைச் செரிக்க வெயில் வேண்டும், வெயில் இல்லையென்றால் தின்ன முடியாத சோற்றை மடியில் முடிந்துகொள்வதுபோல இலை அப்படியே வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். பெரியவர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, கைக்குழந்தைக்குத்தான் அளவு கூடினால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உதடும் நகமும் நீலம் பாயலாம் என்றேன்.

அக்கா பாதியிலேயே எழுந்து உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த பையனை வாரி எடுத்து வந்தார். வெளிச்சத்தில் அவன் உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். உதடு சிவப்பாகத்தான் இருந்தது. தூக்கம் கலைந்த கோபத்தில் அவன் வீறிட்டு அழுதான். "ஊருக்குப் போட்டது தேவலாம்னு ஆய்ப்புச்சே தங்கச்சி. என் கையாலயே அள்ளி அள்ளிக் கொட்டிக்கினு இருந்தேனே!" என்று அவரும் அழுதார். டாக்டரிடம் கூட்டிப்போனோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார் அவர். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. என் மகள் தின்றதும் அதே கீரைதானே.

மறுநாளே மாமரத்தடிப் பாத்தியைக் கொத்திப் போட்டுவிட்டார். பையனுக்கு வெயிலில் கிடக்கிற விற்பனைப் பாத்தியிலிருந்துதான் கீரை என்று முடிவாயிற்று. அடுத்த அறுப்புக்கு முன்னால், வழக்கம்போல் யூரியாவைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாராம். "கை வரல தங்கச்சி. எந்தச் செடி அவன் துன்றது, எது ஊரு துன்றதுன்னு எப்டிக் கண்டுபுடிக்கிறது?" என்று என்னிடம் சொன்னார். கிண்ணத்தோடு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அளவாக மக்கிய எருதான். அறுப்பும் அந்தி சாயும் நேரத்துக்கு மாறியது. ஒரு பகல் வெயில் குடித்த கீரையை ஈரச்சாக்கில் வைத்துக் காலையில் கொண்டுவருவார்.

பச்சை குறைந்தது, இலை லேசாகத் துவண்டது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பக்கத்துக் கூடைக்குப் போனார்கள். வீட்டில் சண்டை நடந்ததாகவும் கேள்வி. மறுபடி யூரியாவுக்கே போய்விடுவாரோ என்று நான் பயந்தேன். ஆய்வுக்கூடத்தில் பிழிந்து பார்த்ததில் நைட்ரேட் நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் வாங்குகிறவர்களுக்கு அது கண்ணில் தெரிகிற சமாசாரமா என்ன?

இன்று என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், அக்காவின் பையனும் போகிறான். போன வாரம்கூட ஓர் அம்மாள் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கீரை வெளுத்துக் கீது?" என்று கூடையில் போட்டார். அக்கா அதை எடுத்து ஒழுங்காக அடுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எம்புள்ள துன்ற கீரை இது. வேணும்னா எட்த்துக்கோ."