கம்பியக்கா கடையில் மட்டும் ஒழுங்காக இருந்த மடிக்கணினி

கம்பியக்கா என்றதும் ஜெயிலில் கம்பி எண்ணிவிட்டு வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பதினெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் கம்பி இணைத்தவர். நிலையத்தை மூடி வீட்டுக்கு அனுப்பியபோது வயது நாற்பத்தாறு. கூட வேலை பார்த்தவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இவர் பழைய கணினி ஒன்றைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, ஒரே வருடத்தில் தையல் கடை மாடியில் ரிப்பேர் கடை போட்டார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம்.

எந்தக் கணினி வந்தாலும் முதல் வேலையாக மேசைக்கு அடியிலிருந்து நெட்வொர்க் கம்பியை இழுத்து அதில் சொருகுவார். கடையில் வைஃபை கிடையாது. கேட்டால், "காத்துல வர்றதை யாரு நம்புவா? கம்பி பொய் சொல்லாது" என்பார்.

பக்கத்துத் தெருக் கணக்கு டீச்சருடைய மடிக்கணினிக்கும் அதே கம்பிதான். படியில் விழுந்து கால் எலும்பு முறிந்ததிலிருந்து டீச்சர் வீட்டிலிருந்தே இணையத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறார். பாதி வகுப்பில் திரை நீலமாகிக் கணினி நின்றுவிடுகிறது. இரண்டு முறை வந்தது, கடையில் நாள் முழுக்க ஓடியது, ஒரு பழுதும் இல்லை. "டீச்சர் எதையாவது அழுத்தியிருப்பாங்க" என்று திருப்பி அனுப்பினார் அக்கா. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே புகாரோடு வந்த ரிடையர்டு டைப்பிஸ்ட் ஐயாவிடமும், "கை நடுங்குதுல்ல, எதையாவது தட்டியிருப்பீங்க" என்றுதான் சொல்லியிருந்தார்.

மூன்றாம் முறை டீச்சரின் கணவர் வந்தார்.

"மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி இது உங்க கடையில மட்டும் அடக்க ஒடுக்கமா இருக்குதுக்கா" என்றவர், சிரிப்பை விட்டுவிட்டு, "நாளைக்குப் பத்து மணி வகுப்பும் நின்னா வேற ஆளைப் போட்டுடுவோம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க" என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்கே அக்கா அவர்கள் வீட்டில் இருந்தார். ஸ்டூலில் காலை நீட்டியபடி டீச்சர் வகுப்புப் பக்கத்தைத் திறந்தார். நாலாவது நிமிடம் பளிச்சென்று நீலம். டீச்சர் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் எதையும் தொடலைக்கா, சத்தியமா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. எதனால் நின்றது என்று திரையின் அடியில் காட்டிய கோப்பின் பெயரை எழுதிக்கொண்டார். கணினி தானாக எழுந்தது, மறுபடி விழுந்தது, மறுபடி அதே பெயர். வைஃபை டிரைவர், அதாவது கணினிக்கும் வைஃபை கருவிக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேசவைக்கும் சின்ன மென்பொருள். மூன்று வாரத்துக்கு முன்னால் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. கடையில் கம்பியைச் சொருகிய நிமிடமே அதற்கு வேலை இல்லை. வேலை செய்யாதவன் எங்கே தப்புச் செய்வான்?

"அடச்சே, திருடனைத் தூங்கவெச்சுட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

புது டிரைவரை நீக்கிப் பழையதை வைத்து, இனித் தானாக மாறாதபடி பூட்டியபோது மணி ஒன்பதே முக்கால். கம்பியை மாட்டிவிட்டால் நிம்மதி. பையில் கம்பியும் இருந்தது. ஆனால் வைஃபை பெட்டி இருந்ததோ கீழ் வீட்டில், கம்பி கதவு வரைக்கும்கூட எட்டவில்லை. அன்றைக்கு அவரும் காற்றைத்தான் நம்பவேண்டியிருந்தது.

வகுப்பு ஆரம்பித்தது. நாலாவது நிமிடத்தில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். அஞ்சு, பத்து, இருபது என்று நிமிடங்கள் போயின. டீச்சரின் குரல் மெல்ல மெல்லப் பழையபடி ஏறியது. "யாரது, கேமராவை அணைச்சுட்டுத் தூங்குறது?" என்று அதட்டினார். முழு வகுப்பும் ஓடி முடிந்தது. நாளைக்கும் நீங்களே எடுங்கள் என்று தலைமையாசிரியரிடமிருந்து செய்தி வந்தது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் தப்புன்னே நினைச்சுட்டேன்க்கா. விசையைத் தொடவே பயமா இருந்துச்சு."

"அப்படி நினைக்கவெச்சதே நான்தான். மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்றார் அக்கா. வெட்கமாக இருந்தது, மறைக்கவில்லை.

கடைக்குப் போகாமல் நேராக டைப்பிஸ்ட் ஐயா வீட்டுக்குப் போனார். கணினி துணி போர்த்தி மூலையில் கிடந்தது. "தூர இருக்கிற மகளுக்குத் தினம் ஒரு கடிதம் அடிப்பேன். நீ சொன்னதுக்கப்புறம் விட்டுட்டேன்மா. கை நடுங்குதே, எதுக்கு வம்பு?" என்றார் ஐயா.

அக்கா துணியை எடுத்துக் கணினியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் நீலத் திரை, அதே கோப்பின் பெயர். பழைய டிரைவரை வைத்துவிட்டு நாற்காலியை ஐயா பக்கம் நகர்த்தினார்.

"தப்பு உங்க கையில இல்லய்யா. உக்காந்து அடிங்க."

ஐயா தயங்கித் தயங்கி விசைகளில் விரலை வைத்தார். மகளுக்கு ஒரு பக்கம் அடித்து முடித்தார். விரல் கடைசி வரைக்கும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எழுத்து ஒன்றுகூடத் தவறவில்லை.