எதிர்வீட்டுக்குக் கொடுக்காத பத்திரிகை

சரவணம்பட்டியில் சோளக்காடெல்லாம் சைட்டுகளாகி, சைட்டுகளில் காம்பவுண்டு வைத்த வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தொண்ணூற்றாறாம் வருஷம், சென்னியம்மாளின் மகள் சண்முகப்பிரியாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. வெள்ளகோவில் சொந்தங்கள் வேன் பிடித்து வந்துவிடுவார்கள்; அதில் அவளுக்குக் கவலையில்லை. தன் வீதியில் புதிதாகக் குடிவந்தவர்கள் மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார வேண்டும், அக்கம்பக்கத்தோடு ஒட்டி வாழ்கிற குடும்பம் என்று சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும். அதுதான் அவள் ஆசை.

தட்டில் வெற்றிலைபாக்கு, குங்குமம், பத்திரிகையோடு புருஷன் தம்பிதுரையைக் கூட்டிக்கொண்டு முதலில் எதிர்வீட்டுக்குப் போனாள். பம்புசெட்டுக் கடை வைத்திருக்கும் சுந்தரராஜுலுவின் வீடு. கேட்டில் இருந்த காலிங்பெல்லுக்குத் தம்பிதுரை கையை நீட்டினார்.

"சும்மா இருங்க. பெல் அடிச்சுக் கூப்புட நாம என்ன பால்காரங்களா, கரண்டுக் கணக்கெடுக்க வந்தவங்களா? கல்யாணத்துக்குன்னா வாயாலதானுங்க கூப்புடோணும்" என்று அவரை அடக்கிவிட்டு, "ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?" என்று குரல் கொடுத்தாள்.

உள்ளே டீவி அலறிக்கொண்டிருந்தது. தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மறுநாளும் போனாள். அன்றும் அதே டீவி, அதே பூட்டிய கேட்டு. பத்திரிகையைக் கேட்டில் செருகிவிட்டு வரலாம் என்றார் தம்பிதுரை. செருகிவிட்டு வந்தால் அது அழைப்பா, நோட்டீசா? இத்தனை கூப்பிட்டும் கதவைத் திறக்காதவர்களுக்கு இனி என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று திரும்பிவிட்டாள். மற்ற புது வீடுகளிலும் இதே கதைதான்.

மண்டபத்தில் சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க வீதிக்காரங்க ஒருத்தரையுங் காணோமுங்களே?" சென்னியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அடுத்த வாரம் காய்கறி வண்டியருகே சுந்தரராஜுலுவின் மனைவி வெங்கடம்மாள் இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சென்னியம்மாள் விடவில்லை.

"உங்க வாசல்ல நின்னு கத்துனவ நானு. மூஞ்சியத் திருப்பறது நீங்களா?"

"எப்பங்க வந்தீங்க? பெல் சத்தமே கேக்கலீங்களே" என்றாள் வெங்கடம்மாள். "சத்தியமங்கலத்துல இருந்து வந்த நாளா ஒரு விசேசத்துக்கும் எங்கள ஆருங் கூப்பிட்டதில்லீங்க. எதிர்வீட்டுக் கல்யாணம், எப்படியுங் கூப்புடுவீங்கன்னு பட்டுச்சேலைய இஸ்திரி போட்டு வெச்சிருந்தேன். உங்க வாசல்ல அடிச்ச மோளச்சத்தத்தக் கேட்டுட்டு உள்ள உக்காந்து அழுதேனுங்க."

சென்னியம்மாளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. அதை யார் மேல் கொட்டுவதென்றும் தெரியவில்லை. இப்போது கையைப் பிடித்துக் கூப்பிடவும் அவள் தயார்தான். எதற்கென்று கூப்பிடுவது? இருந்தது ஒரே மகள், அவளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.