மலைக்குப் போகும் சைக்கிளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

1. அணைக்கட்டிலிருந்து ஒரு போன்

ஞாயிற்றுக்கிழமை காலை. பாப்பாவுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே தூறல். போன் அடித்தது. எங்கள் சைக்கிள் கடையில் ரோடு பைக் வாங்கிய பிரபாகர் சார்.

"மேடம், கோமுகி டேம்கிட்ட நிக்கிறேன். நீங்க சொன்ன மாதிரி ரிம்முல தண்ணி ஊத்தி பிரேக் புடிச்சுப் பார்த்தேன். புடிக்கல."

"எந்த பிரேக் சார்? முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டுமே. லீவர் உள்ள போவுது. வண்டி பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது."

இட்லிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் அடுத்துச் சொன்னதுதான் இன்னும் மோசம்.

"ஏறும்போது பிரேக் எதுக்கு மேடம்? வெள்ளிமலை போறதுக்குள்ள தேய்ஞ்சு சரியாயிடும்னு நெனைக்கிறேன்."

"ஏறாதீங்க சார். அங்கயே டீக்கடையில உக்காருங்க. நான் வரேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கணவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஷிப்டில் இருந்தார். மாமியார் சர்ச்சுக்குப் போயிருந்தார். பாப்பாவுக்கு மழை நாளில் இளைப்பு வரும். வண்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு திரும்பி வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே என்று போனை வைத்த பிறகு தோன்றியது. ஆனால் நான் போகாவிட்டால் அவர் ஏறிவிடுவார். ஏறுவது பிரச்சினை இல்லை. இறங்கியாக வேண்டும். ஈரமான மலைப் பாதையில், வளைவுக்கு வளைவு, எதிரே பஸ்ஸும் ஜீப்பும் வரும்போது.

பாப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு, புது பிரேக் கட்டைகளையும் உப்புத்தாளையும் பையில் போட்டுக்கொண்டு, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

2. மழைக்கு என்னென்ன மாற்றினோம்

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். கல்யாணமாகி கள்ளக்குறிச்சிக்கு வந்து, பாப்பா பிறந்த பிறகு இந்த சைக்கிள் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கியர் சைக்கிள்கள் பெட்டியில் வர ஆரம்பித்தபோது கூடவே ஆங்கிலத்தில் புத்தகமும் வந்தது. "நீ படிச்ச புள்ள, நீயே பாரு" என்று முதலாளி என் பக்கம் தள்ளிவிட்டார். அப்படித்தான் ஸ்பேனர் என் கைக்கு வந்தது. இன்றைக்கும் ஒரு நட்டை முறுக்கிவிட்டு, சரியாக முறுக்கினேனா என்று மறுபடியும் போய்ப் பார்ப்பேன். சில நாள் வீட்டுக்குப் போகும் வழியிலிருந்து திரும்பி வந்தும் பார்த்திருக்கிறேன்.

பிரபாகர் சார் வண்டியை மழைக்குத் தயார் செய்யக் கடைக்கு வந்தபோது அவருடைய அம்மாவும் வந்திருந்தார். சரோஜா அம்மா. சார் ஒரு அலுவலகத்தில் கிளார்க். சின்ன வயதிலேயே சுகர். அப்பாவும் சுகரில்தான் போனார். டாக்டர் சொல்லி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தவர், முந்தைய வருடம் மழைக்கு நிறுத்தியிருக்கிறார். மழை விட்ட பிறகும் எடுக்கவில்லை. சுகர் ஏறிவிட்டது. இந்த முறை மழையிலும் நிறுத்துவதில்லை, ஞாயிறுதோறும் வெள்ளிமலை ஏறி இறங்குவது என்று முடிவு செய்திருந்தார்.

"ஏம்மா, வெயில்ல ஓட்டுனாலே அவன் திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கிறேன். நீ மழையில ஓட்டறதுக்கு வண்டி ரெடி பண்ணிக் குடுக்கறியே, உனக்கும் புள்ள இருக்குது இல்ல?" என்று கேட்டார் சரோஜா அம்மா.

"அம்மா, அவங்க வேலய பாக்க வுடு" என்றார் சார்.

"ஓட்டலன்னாலும் பயம், ஓட்டுனாலும் பயம். நான் இன்னாத்த பண்றது?"

குனிந்து டயரைக் கழற்றினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அன்று செய்ததை எழுதுகிறேன். அவர் வண்டியில் இருந்தது இருபத்தைந்து மில்லிமீட்டர் அகல டயர். சக்கரத்துக்கு மேல் வளைந்து நிற்கும் பிரேக்குக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இருபத்தெட்டு போட்டேன். அதற்குமேல் போட்டால் மட்கார்டு உரசும். காற்றை நூறு பவுண்டு வரை அடித்து வைத்திருந்தார். எண்பதுக்குக் குறைத்தேன். கல்லாக அடித்த டயர் ஈரத்தில் ரோட்டைப் பிடிக்காது. கச்சிராயபாளையம் ரோட்டில் கரும்பு வெட்டு நேரத்தில் டிராக்டர் சிந்தும் சேறும், சோகை என்கிற காய்ந்த கரும்பிலையும் கிடக்கும். நனைந்த சோகை வாழைப்பழத் தோல் மாதிரி. அதன்மேல் போகும்போது ஹேண்டிலைத் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது என்று சொன்னேன்.

ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல் கேட்டார். வேண்டாம், முள் வைத்த சாதாரண பெடல் போதும், காலைச் சட்டென்று ஊன்றலாம் என்றேன். நீளமாகத் தொங்கும் மழைக்கோட் கையில் வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு மலையில் இறங்கினால் காற்று புகுந்து ஆளையே இழுக்கும். உடம்போடு ஒட்டின ஜாக்கெட் வாங்கச் சொன்னேன். நனைவதைத் தடுக்க முடியாது, குளிராமல் இருந்தால் போதும். பின்னால் சிவப்பு லைட், பகலிலும் எரிய வேண்டும். செயினுக்கு மழைக்கால ஆயில், ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. மீதியைத் துடைத்துவிட வேண்டும். ஆயில் ஜாஸ்தியானால் மண் ஒட்டும்.

கடைசியாக பிரேக். அவருடையது ரிம்மைப் பிடிக்கும் பிரேக். கட்டை ரப்பர், ரிம் அலுமினியம். ரிம்மின் ஓரத்தில் உள்ள அந்த விரல் அகலப் பட்டையில்தான் ஓட்டுகிறவருடைய உயிர் இருக்கிறது. மழைக்கு என்று வரும் மென்மையான கட்டைகளை மாட்டினேன். நனைந்த ரிம்மில் முதல் ஒன்றிரண்டு சுற்று பிடிக்காது, தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும், அதனால் வளைவுக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும் என்று சொன்னேன்.

"மலை ஏறறதுக்கு முன்னாடி, டேம்கிட்ட நிறுத்தி, ரெண்டு ரிம்முலயும் தண்ணி ஊத்தி, சமதரையில பிரேக் புடிச்சுப் பாருங்க சார். மழை பெய்ஞ்சாலும் சரி, பெய்யாட்டியும் சரி. புடிச்சா மட்டும் ஏறுங்க."

முதலாளி கல்லாவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு, "நீ சைக்கிள் விக்கிறியா, பயத்த விக்கிறியா? வாங்க வந்தவன வெரட்டிக்கினு இருக்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அன்று முழுக்க அது என் காதிலேயே இருந்தது. அளவுக்கு மீறித்தான் பேசுகிறேனோ என்று நினைத்தேன்.

3. சேப்பங்கிழங்கு இலை மேல் தண்ணீர்

பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. பாப்பாவின் தலையைத் துண்டால் மூடிக்கொண்டே நான் செய்திருக்கக்கூடிய தப்புகளை எண்ணிப் பார்த்தேன். கட்டையைத் தலைகீழாக மாட்டினேனா? இல்லை, அம்புக்குறியைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. கேபிளுக்கு கிரீஸ் வைத்த கையோடு ரிம்மைத் தொட்டேனா? செயின் ஆயில் தெறித்ததா? தெறித்தால் பின் ரிம்மில் படும். முன் ரிம்முக்கு எப்படிப் போகும்? இரண்டும் ஒரே மாதிரி பிடிக்கவில்லை என்றால் யாரோ இரண்டு சக்கரத்தையும் ஒரே மாதிரி ஏதோ செய்திருக்க வேண்டும். அந்த யாரோ நான்தானோ என்பதுதான் கச்சிராயபாளையம் வரை எனக்கிருந்த கேள்வி.

டேம் அருகே டீக்கடைக் கூரைக்குக் கீழே சார் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் தூணில் சாய்ந்திருந்தது. ஹேண்டிலில் வாடிய சாமந்திச் சரம். மட்கார்டில் சந்தனப் பொட்டு. அந்த வாரம்தான் ஆயுத பூஜை.

"கொழந்தய ஏன் மேடம் தூக்கிக்கினு வந்தீங்க?" என்று பதறினார்.

"வூட்டுல யாரும் இல்ல சார். கொஞ்சம் புடிங்க."

பாப்பாவை அவர் கையில் கொடுத்தேன். டீக்கடையில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி முன் ரிம்மில் ஊற்றினேன். தண்ணீர் பரவவில்லை. சேப்பங்கிழங்கு இலை மேல் விழுந்த மாதிரி மணி மணியாக உருண்டு ஓடியது. விரலால் தேய்த்து மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"பூஜைக்கு வண்டிய யாரு தொடச்சாங்க சார்?"

பாப்பா அவருடைய ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாதான். அன்னிக்கு மதியமெல்லாம் ஒக்காந்து தொடச்சுது. மழையில துருப் புடிக்காம இருக்கணும்னு ஒவ்வொரு கம்பியா எண்ணெ போட்டுது. நானும் பளபளன்னு இருக்குதேன்னு பார்த்தேன்."

நம் ஊரில் பூஜைக்கு எந்த வீட்டிலும் நடப்பதுதான். அரிவாள், தையல் மிஷின், டிராக்டர், எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டுப் பொட்டு வைப்பார்கள். பழைய இரும்பு சைக்கிளுக்கு அது நல்லதும்கூட. இந்த ரிம்மில் ஓரப் பட்டைதான் பிரேக் என்று அந்த அம்மாவுக்கு யார் சொன்னது? சாருக்குச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அப்போது மகன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்திரம் விளக்கும் சோப்பை வாங்கி இரண்டு ரிம்மையும் தேய்த்தேன். கழுவினேன். தண்ணீர் உருண்டது. மறுபடி தேய்த்தேன். உப்புத்தாள் போட்டேன். தண்ணீர் ஒரே படலமாகப் பரவும்வரை விடவில்லை. எண்ணெய் குடித்த கட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டினேன். எண்ணெய் ஏறிய கட்டையை என்ன தேய்த்தாலும் நம்ப முடியாது. பிறகு ஈர ரிம்மோடு அவரை டேம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வண்டி நின்றது. இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். நின்றது.

மலையைப் பார்த்தார். மேலே மேகம் இறங்கியிருந்தது.

"இன்னிக்கு வேணாம் மேடம். வூட்டுக்கே போறேன்." பிறகு பாப்பாவை என்னிடம் கொடுத்துக்கொண்டே, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அதுக்கப்புறம் அது தூங்காது" என்றார்.

தலையாட்டினேன். பாப்பா தும்மினாள்.

4. சரோஜா அம்மா கேட்டது

இரண்டு நாள் கழித்து சரோஜா அம்மா கடைக்கு வந்தார். பாப்பாவுக்கு இளைப்பு வந்து நான் சரியாகத் தூங்காமல் வந்திருந்த நாள். அவர் முகம் தெளிவாக இருந்தது.

"பூசைக்கு வண்டியத் தொடச்சு விட்டேன் கண்ணு. அவ்ளோ பளிச்சுன்னு இருந்துச்சு. இனிமே வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தொடச்சு விடலாம்னு இருக்கேன். தேங்கா எண்ணெ போதுமா, இல்ல உங்க கடையில வேற எதுனா எண்ணெ இருக்குதா?"

சொல்லமாட்டேன் என்று தலையாட்டியவள் நான். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எண்ணெய் ஏறும், ஞாயிற்றுக்கிழமை சார் மலையில் இருப்பார். ஏதாவது பொய் சொல்லி நிறுத்தலாமா என்றும் யோசித்தேன். அந்தப் பட்டைக்கு எண்ணெய் போட்டால் வாரண்டி போய்விடும் என்று சொல்லலாம். அவர் நம்பிவிடுவார். ஆனால் காரணம் தெரியாமல் விட்டது ஒரு நாள் மறந்துபோகும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். விற்பனைக்கு நின்ற ஒரு ரோடு பைக்கைக் கொண்டுவந்து, ரிம் பட்டையைக் காட்டி, லீவரை அவர் கையாலேயே பிடிக்க வைத்தேன்.

"இந்த ரப்பரு இந்த எடத்தப் புடிச்சாத்தான் வண்டி நிக்கும்மா. இங்க எண்ணெ இருந்தா வழுக்கும்."

லீவரைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஞாயித்துக்கெழம சீக்கிரமா வந்துட்டானே. மழைன்னு சொன்னான்."

"டேமுலயே பார்த்துட்டாரும்மா. மேல ஏறல. நான் போய் சுத்தம் பண்ணிக் குடுத்தேன்."

"என் கையாலயா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "சொல்ல வேணாம்னு சொன்னானா?"

"ஆமாம்மா. நான் சொல்லலன்னா வெள்ளிக்கெழம மறுபடியும் போடுவீங்க."

முதலாளி கல்லாவில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"சரி, இனிமே அந்த வண்டியத் தொடல" என்று எழுந்தவர், இரண்டு அடி போய் நின்றார். "அவன் கெளம்பறப்ப நான் இன்னா பண்றது கண்ணு? சும்மா நின்னு பாத்துக்கினு இருக்க முடியலியே. அதனாலதான் தொடச்சேன்."

தான் செய்ய ஏதாவது ஒரு வேலை கேட்கிறார் என்று புரிந்தது.

"ஞாயித்துக்கெழம காலையில ஒரு சொம்புல தண்ணி எடுத்துக்கினு நில்லுங்க. ரெண்டு ரிம்முலயும் ஊத்துங்க. தண்ணி உருண்டா விடாதீங்க. பரவுனா, வாசல்லயே ஓட்டி பிரேக் புடிக்கச் சொல்லுங்க. நின்னாத்தான் அனுப்பணும். அவரு அவசரத்துல மறந்துடுவாரு. நீங்க மறக்க மாட்டீங்க."

"புடிக்கலன்னா?"

"வாசக் கேட்டைச் சாத்திடுங்க."

அவர் சிரித்தார். கடைக்கு வந்ததிலிருந்து முதல் தடவை.

அடுத்த வாரம் சார் செயின் ஆயில் வாங்க வந்தார். சொல்லிவிட்டீர்களே என்று கேட்பார் என்று பயந்துகொண்டே எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை.

"இப்பல்லாம் வண்டிய வெளிய எடுக்கறதே பெரும்பாடு மேடம். அம்மா சொம்போட கேட்டுல நிக்குது. ஊத்திட்டு, குனிஞ்சு பாத்துட்டு, இன்னொரு தடவ புடிடான்னு சொல்லுது. தெருவுல பாக்கறவங்க ஏதோ நேத்திக்கடன்னு நெனைக்கிறாங்க."

"இன்னா சார், அம்மா தூங்குறாங்களா?"

"நான் வெள்ளிமலை போயி வரதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடுது."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வண்டியைப் பற்றி ஓட்டுகிறவரிடம் சொன்னால் போதாது. அதைத் துடைக்கிறவரிடமும் சொல்லுங்கள். பயப்படுகிறவரிடம் பயப்படாதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுங்கள், அது உண்மையிலேயே தேவைப்படும் வேலையாக இருக்கட்டும்.

மழை இன்னும் விடவில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும் முன் பாப்பாவின் முதுகில் காதை வைத்துக் கேட்கிறேன். மாமியார் நேரமாகிறது என்கிறார். இன்னொரு முறை கேட்கிறேன். மூச்சில் விசில் சத்தம் இல்லை என்றால் செருப்பை மாட்டுகிறேன்.